அப்பாவின் சைக்கிள்

கேள்வி: எனக்கு வயது 51. ஊரில் கொட்டகையில் கிடந்த அப்பாவின் பழைய ஹெர்குலஸ் சைக்கிளைக் கொண்டுவந்திருக்கிறேன். புதுப் பெயின்ட் அடித்து ஓட்டலாமா? முழங்கால் தாங்குமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: பெயின்ட் வேண்டாம். 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்த வண்டியானால், பழைய கறுப்புப் பூச்சும் ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள முத்திரைத் தகடுமே அதற்கு அழகு. எண்ணெய் தோய்த்த துணியால் துருவைத் துடைத்தால் போதும். பணத்தைச் சக்கரத்தில் செலவிடுங்கள். கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அழுந்துவதால், சக்கரம் மேலும் கீழுமாகத் துள்ளினால் பிரேக் விட்டுவிட்டுத்தான் பிடிக்கும். ஆகவே கோட்டம் எடுக்கத் தெரிந்த பழைய மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள் (அவர்கள் இப்போது வண்டியைவிட அரிது). மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் பெடல் சற்றே நழுவினால் காட்டர் பின் (பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆணி) தேய்ந்துவிட்டது என்று பொருள்; உடனே மாற்றிவிடுங்கள். மழையில் இரும்பு ரிம் வழுக்கும் என்பதால் முன்கூட்டியே பிரேக் பிடியுங்கள்.

பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நேராகும்படி சீட்டை உயர்த்தினால், முழங்காலுக்குச் சுமை குறையும். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.