எக்செல் காட்டிய ஆறு பூஜ்யங்கள்

கேள்வி: பள்ளிக் கணித மன்றத்துக்காக, 2-ன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து எக்செல்லில் பார்த்தேன். 147573952589676000000 என்று வந்தது. பூஜ்யத்தில் முடிவதால் 10-ஆல் வகுபடும், ஆகவே பகு எண் என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

பதில்: முடிவு சரி, காரணம் தப்பு. 2-ன் அடுக்கு இரட்டை எண். அதில் 1 போனால் ஒற்றை. ஒற்றை எண் எப்படிப் பூஜ்யத்தில் முடியும்? எக்செல் 15 இலக்கம் வரைதான் காட்டும், மிச்ச இடத்தைப் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடும். உண்மையான மதிப்பு 147573952589676412927. பைத்தான் நிரல்மொழியில் 2**67-1 என்று அடித்தால் 21 இலக்கமும் அப்படியே வரும்.

இந்த எண் பெரிய ஆட்களையே ஏமாற்றியது. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, எந்தெந்த அடுக்குகளுக்கு இப்படிப் பகா எண் கிடைக்கும் என்று பட்டியல் போட்டபோது 67-ஐயும் சேர்த்துவிட்டார். 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அது பகு எண் என்று நிறுவினார். ஆனால் காரணி ஒன்றுகூட அவர் கையில் இல்லை! மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காரணி தெரியாமலே ஓர் எண்ணைப் பகு எண் என்று நிறுவலாம்.

அதற்கான சோதனையின் இன்றைய வடிவம் எளிமையானது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதிக்கும் இதையே செய்யுங்கள். அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாக இருக்கவேண்டும். அதைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி 0 என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். 2-ன் 7-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் 127. கரும்பலகையில் 4, 14, 67, 42, 111, 0 என்று ஐந்தே தடவையில் முடிந்துவிடும். 11-ஆம் அடுக்குக்கு, அதாவது 2047-க்கு, ஒன்பது தடவை செய்தால் 1736-இல் நிற்கும். அது பகு எண். நம் எண்ணுக்கு 65 தடவை. கையால் செய்தால் நாள் போதாது, பைத்தானுக்கு ஒரு நொடிகூட ஆகாது.

சரி, காரணியே வேண்டுமென்றால்? கண்ட எண்ணால் எல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டாம். இதன் பகாக் காரணி எதுவானாலும் 134-ன் மடங்கைவிட 1 கூடுதலாக இருக்கும் (134 என்பது 67-ன் இரட்டிப்பு). அதோடு, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். 2047-இலேயே இதைப் பார்க்கலாம்: 23 × 89, இரண்டும் 22-ன் மடங்கைவிட 1 கூடுதல். இப்படி வடிகட்டிய பின்னும் நம் எண்ணுக்குச் சுமார் 7 லட்சத்து 22 ஆயிரம் எண்களைத் தாண்டினால்தான் முதல் காரணி வரும்.

1903-இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அந்தக் காரணிகளை அறிவித்தார்: 193707721 × 761838257287. ஒரு வார்த்தை பேசாமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுமே பகா எண்கள் என்பதால், 21 இலக்கம் இருந்தும் இந்த எண்ணுக்கு வகுஎண்கள் நான்கே நான்கு: 1, இந்த இரண்டு, அப்புறம் தானே.

மன்றத்தில் அந்தப் பெருக்கலை முழுசாகச் செய்ய நேரம் இருக்காது. இலக்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள்: காரணிகளுக்கு 37, 64, பெருக்கற்பலனுக்கு 109. மூன்றையும் 9-ஆல் வகுத்தால் மீதி 1. இது பெருக்கல் சரி என்பதற்கு நிரூபணம் ஆகாது, ஏதாவது ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும், அவ்வளவுதான். எக்செல்லின் பூஜ்ய எண்ணையும் இப்படிக் கூட்டுங்கள்: 84, மீதி 3.