புல்வெட்டி கேள்வி–பதில்: மூன்று விநாடி ஓடி அணையும் இன்ஜின், நகர மறுக்கும் சக்கரம்

கேள்வி: பெட்ரோலில் ஓடும், தானே நகரும் வகைப் புல்வெட்டி வைத்திருக்கிறேன். நாலைந்து மாதம் சும்மா கிடந்தது. இப்போது கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, மூன்று விநாடியில் அணைந்துவிடுகிறது. ஸ்பார்க் பிளக் புதிதாக மாற்றியும் அதே கதைதான்.

பதில்: பிளக் மேல் தப்பில்லை. மூன்று விநாடி ஓடியது என்றாலே தீப்பொறி வருகிறது, கம்ப்ரஷனும் இருக்கிறது. வராதது பெட்ரோல். சோக் அல்லது பிரைமர் பம்ப் வழியாக முதலில் போன பெட்ரோல் எரிந்து முடிந்ததும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரிலிருந்து அடுத்த சொட்டு வருவதில்லை.

டேங்கில் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும் பெட்ரோலில் எளிதில் பற்றும் பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சியது மெல்ல மெல்லப் பிசினாகப் படியும். எத்தனால் கலந்ததாக இருந்தால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க ஒரு துளிப் பிசின் போதும்.

இன்ஜின் ஆறியபின் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டேங்கில் உள்ளதை வடித்துவிடுங்கள். பழசோடு புதுசைக் கலந்து ஓட்டிப் பார்ப்பது வீண் வேலை. கார்புரேட்டரின் அடியில் தொங்கும் கிண்ணத்தை ஒற்றை போல்ட் பிடித்திருக்கும். அதைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். அடியில் முத்து முத்தாக நீர்த்துளிகளோ, பழுப்பு நிறப் படிவோ தெரிந்தால் நோய் பிடிபட்டது என்று கொள்ளலாம். சில மாடல்களில் அந்த போல்ட்டே ஜெட். அதன் பக்கவாட்டிலும் நடுவிலும் நுண்ணிய துளைகள் இருக்கும். மற்றவற்றில் நடுத்தண்டின் உள்ளே ஸ்க்ரூடிரைவரால் கழற்றும்படி பித்தளை ஜெட் இருக்கும். துளையில் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக, முழுதாக வெளிச்சம் தெரிய வேண்டும். அடைப்பு இளகாவிட்டால் மின்ஒயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பி இழையை எடுத்து நுழையுங்கள். ஊசியோ டிரில் பிட்டோ வேண்டாம். துளை கொஞ்சம் பெரிதானாலும் இன்ஜின் கறுப்புப் புகை கக்கும். கிளீனர் அடிக்கும்போது ரப்பர் ஓ-ரிங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், ஊறி உப்பிவிடும். கண்ணாடி அணியாமல் அடிக்காதீர்கள். துளை வழியாகத் திரும்பி நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

கேள்வி: என்னுடையது பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு நிற்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது.

பதில்: நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், அடுத்த இழுப்பிலேயே இன்ஜின் ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்தில் காற்று புக வேண்டும். புகாவிட்டால் வெற்றிடமாகி ஓட்டம் நிற்கும். மூடியைக் கழுவுங்கள், அல்லது புதிது போடுங்கள். மூடி சரியாக இருந்தால் அடுத்ததாக இன்ஜினின் குளிர்விப்புத் துடுப்புகளைப் பாருங்கள். விசிறி உறைக்குள் உலர்ந்த புல் அடைந்துகிடந்தால் சூடேறி நிற்கும்.

கேள்வி: சீராக ஓடாமல் 'உர்... உர்...' என்று ஏறி இறங்குகிறது.

பதில்: பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது. ஜெட்டின் மேலே நிற்கும் பக்கத்துளைக் குழாயையும், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் ஐடில் துளையையும் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் தீராவிட்டால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். இன்ஜின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கை முறுக்கி வளைத்துச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அது கோளாறை மறைக்கும், வேகத்தையும் எல்லை மீறச் செய்யும்.

கேள்வி: இன்ஜின் நன்றாக ஓடுகிறது, பிளேடும் சுற்றுகிறது. ஆனால் வண்டி தானே நகர்வதில்லை, தள்ள வேண்டியிருக்கிறது. கியர் பாக்ஸ் போய்விட்டது என்கிறார்கள்.

பதில்: கியர் பாக்ஸைக் கடைசியில் சந்தேகியுங்கள். கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை விசை போகும் வழி இது: லீவர், கேபிள், பெல்ட், கியர் பாக்ஸ், அச்சு, சிறு பல்சக்கரம், சக்கரத்தின் உட்பல். விலை குறைந்த முனைகளிலிருந்து பார்த்துக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

இன்ஜினை நிறுத்தி, நகரும் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுங்கள். பெரும்பாலான மாடல்களில் ஓட்டுச் சக்கரங்கள் உருள மறுத்து முரண்டு பிடிக்க வேண்டும். லீவரை விட்டதும் முன்னோக்கி லேசாக உருள வேண்டும். முரண்டு இல்லையென்றால் முதலில் கேபிள். ஓடி ஓடி அது நீண்டிருக்கும். கைப்பிடி அருகிலோ கேபிளின் கீழ்முனையிலோ உள்ள திருகை ஒன்றிரண்டு சுற்று இறுக்கி மறுபடி சோதியுங்கள். அளவு மீறி இறுக்கினால் லீவரை விட்ட பிறகும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், அது ஆபத்து. அப்படி ஆனால் பாதிச் சுற்று தளர்த்துங்கள்.

அடுத்தது பெல்ட். மேலுறையைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு கைப்பிடிப் புல்லும் மண்ணும்தான் முதலில் வரவேற்கும். அதை அள்ளிய பிறகு பெல்ட்டைப் பாருங்கள். பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னினால் வழுக்குகிறது. விரிசலோ நூல் பிரிதலோ இருந்தால் ஆயுள் முடிந்தது. ஏறக்குறைய அதே நீளம் என்று வேறு பெல்ட்டை மாட்டாதீர்கள். அரை அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. மாடல் எண்ணைப் பார்த்து அதற்குரியதையே வாங்குங்கள்.

பெல்ட் சுழல்கிறது, அச்சும் சுழல்கிறது, சக்கரம் மட்டும் நிற்கிறது என்றால் சக்கரத்தைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்கள் மழுங்கி வட்டமாகியிருக்கும். பல்லெல்லாம் நன்றாக இருந்தால், அச்சில் சிறு பல்சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் கவ்விக்கட்டையைப் பாருங்கள். முன்னே போகும்போது கவ்வி, வண்டியை நீங்கள் வேகமாகத் தள்ளும்போது விலகிக்கொடுக்கும் சிறு துண்டு அது. மண் ஏறி ஒட்டிக்கொண்டால் கவ்வாது, துடைத்தாலே போதும். இடப்பக்கப் பல்சக்கரத்தையும் வலப்பக்கத்தையும் மாற்றி மாட்டிவிட்டால் எல்லாம் புதிதாக இருந்தும் வண்டி நகராது! கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். திறந்த பற்களில் கிரீஸை அள்ளிப் பூசவும் வேண்டாம், மணலைப் பிடித்துவைத்துப் பல்லை அரைக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, பெல்ட் சுழன்றும் அச்சு சுழலாதபோதுதான் கியர் பாக்ஸ்.

கேள்வி: மரவேரில் பிளேடு பட்டு நின்றது. அதிலிருந்து அதிர்கிறது. கயிறும் கையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது.

பதில்: இரண்டு வேறு சேதங்கள். அதிர்வுக்குப் பிளேடோ, அதைச் சுழற்றும் கிராங்க் தண்டோ வளைந்திருக்கலாம். பிளக் ஒயரைக் கழற்றி, பிளேடின் ஒரு முனைக்கும் உறையின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, பிளேடைத் திருப்பி மறுமுனையை அதே இடத்தில் அளந்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்ததைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள். தண்டை அறிய, பிளேடைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, வேறொருவரைக் கயிற்றை மெதுவாக இழுக்கச் சொல்லித் தண்டின் நுனியைக் கவனியுங்கள். நுனி ஆடினால் தண்டு வளைந்துவிட்டது. சின்ன புல்வெட்டியில் அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

கயிறு பிடுங்குவது தீப்பொறி நேரம் மாறியதன் அடையாளம். இன்ஜினின் கனமான சுழல்சக்கரமான ஃப்ளைவீலைத் தண்டோடு சரியான இடத்தில் நிறுத்தும் சிறு கீ (ஆப்புத் துண்டு), பல இன்ஜின்களில் மென்மையான உலோகத்தில் இருக்கும். திடீரென நின்ற வேகத்தில் நறுங்கிவிடும். ஃப்ளைவீல் நட்டைக் கழற்றிப் பார்த்தால் தண்டின் பள்ளமும் வீலின் பள்ளமும் நேராக இல்லாதது கண்ணுக்கே தெரியும். கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் புதுக் கீ போடுங்கள், அந்த இன்ஜினுக்கு உரியதாக.

கேள்வி: அடியில் சுத்தம் செய்யச் சாய்த்தேன். பிறகு ஒரே வெள்ளைப் புகை.

பதில்: ஆயில், சிலிண்டருக்குள்ளோ சைலன்சருக்குள்ளோ போயிருக்கிறது. சில நிமிடம் ஓடினால் எரிந்து தீரும். கயிற்றை இழுக்கவே முடியாதபடி இறுகியிருந்தால் முரட்டுத்தனமாக இழுக்காமல், பிளக்கைக் கழற்றி, அதன் துளையைத் துணியால் மூடிக்கொண்டு சில முறை மெல்ல இழுத்து ஆயிலை வெளியேற்றுங்கள். காகித ஏர் ஃபில்டர் ஆயிலில் நனைந்திருந்தால் கழுவிப் பயனில்லை, புதிது. நுரை ஃபில்டரானால் சோப்புத்தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சில சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். இனிமேல் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும்.

கேள்வி: ஆயில் எவ்வளவு, எப்போது?

பதில்: பெரும்பாலும் அரை லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், தடிமன் தரம் எஸ்ஏஇ 30 அல்லது 10டபிள்யூ-30. புது இன்ஜினுக்கு முதல் 5 மணி நேர ஓட்டத்தில், பிறகு 50 மணிக்கொரு முறை அல்லது ஆண்டுக்கொரு முறை. இன்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். அளவுகோலின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் புகைதான்.

கேள்வி: வெட்டிய புல்லின் நுனி பழுப்பாகிறது. பிளேடை வீட்டிலேயே தீட்டலாமா?

பதில்: தாராளமாக. மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கிறது, அதனால்தான் அந்தப் பழுப்பு. பிளக் ஒயரைக் கழற்றி, பிளேடுக்கும் உறைக்கும் நடுவே மரக்கட்டையை முட்டுக்கொடுத்து போல்ட்டைக் கழற்றுங்கள். தரையை நோக்கும் பக்கத்தில் சாக்கட்டியால் அடையாளம் போடுங்கள். அரத்தால் பழைய சாய்வையே, சுமார் 30 டிகிரி, பின்பற்றித் தேயுங்கள். சவரக்கத்தி போல் கூர்மை தேவையில்லை. முடிந்ததும் நடுத்துளையைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டுங்கள். தாழும் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்த்து, கிடைமட்டமாக நிற்கும்வரை சரிசெய்யுங்கள். திரும்ப மாட்டும்போது வளைந்த இறக்கைகள் மேலே, உறையை நோக்கி.

கேள்வி: கைப்பிடியிலுள்ள நிறுத்தக் கம்பியைக் கயிற்றால் கட்டிவைத்தால் கை வலிக்காதே?

பதில்: கட்டாதீர்கள். கையை விட்டதும் இன்ஜினை அணைத்து, பிளேடை சில விநாடிக்குள் நிறுத்துவது அதுதான். வலி அதிகமென்றால் அதன் கேபிளுக்கு மெல்லிய ஆயில் விட்டுப் பாருங்கள், பாதி இறுக்கம் துருவினால் வருவது.