பாபேஜின் இயந்திரம் ஓடியிருந்தால் தனிமங்களின் பெயர்கள் மாறியிருக்குமா?

பிடோக் வாசகர் ஒருவரின் கேள்வி: "சார்ல்ஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரம் 1840-களிலேயே கட்டி முடிக்கப்பட்டது என்ற கற்பனையில், 1896-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிகழும் சிறுகதை ஒன்றை எழுதி வருகிறேன். துறைமுக அலுவலகத்தில் அந்த இயந்திரத்தை இயக்கும் தமிழ்க் கிராணிதான் (எழுத்தர்) கதாநாயகன். சிலிக்கான், ஜெர்மானியம், ஹீலியம் ஆகிய பெயர்களை அவன் சொல்லலாமா? சிங்கப்பூரின் பெயரால் ஒரு தனிமம் இருப்பதாகக் காட்டலாமா?"

வரலாறு எந்த ஆண்டில் கிளை பிரிகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1842-இல் பிரிட்டிஷ் அரசு 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்த பின்பு பாபேஜின் திட்டத்தைக் கைவிட்டது. உங்கள் கதையில் கைவிடவில்லை. இக்கற்பனை பொருத்தமானதே. அவர் 1840-களின் இறுதியில் வரைந்த மற்றொரு இயந்திரத்தை லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் கட்டிப் பார்த்தபோது அது பிழையின்றிக் கணக்கிட்டது. ஆகவே 1842-க்கு முன் சூட்டப்பட்ட பெயர்களில் நீங்கள் கை வைக்க வேண்டியதில்லை. சிலிக்கான் என்ற பெயர் 1817-இலேயே தாமஸ் தாம்சனால் முன்மொழியப்பட்டுவிட்டது. ஆனால் பாபேஜின் இயந்திரத்தில் அதற்கு வேலை இல்லை. அது பல்சக்கரங்களால் இயங்குவது. துளையிட்ட அட்டைகள் பாபேஜ் அடுத்துத் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரத்துக்கு உரியவை; உங்கள் கதையின் இயந்திரத்தில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இத்தகைய இயந்திரத்துக்கு வேண்டியவை எஃகும் வார்ப்பிரும்பும், செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலமும்தான். 1890 முதல் சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய புலாவ் பிராணி தீவில் மலாயா வெள்ளீயத்தை உருக்கும் ஆலை இருந்தது. கதாநாயகன் சன்னல் வழியே பார்க்கக்கூடிய புகைபோக்கி அது. சிலிக்கானைவிட உங்கள் கதைக்கு இதுவே பயன்படும்.

அடுத்து, கணக்கு இயந்திரம் வந்துவிட்டால் வேதியியலும் ஐம்பது ஆண்டு முன்னே தாவிவிடும் என்ற எண்ணத்தைத் தவிர்த்துவிடுங்கள். மாற்று வரலாறு எழுதுவோர் பலரும் இடறும் இடம் இது. அணு எடைகளைப் பற்றி வேதியியலாளர்களிடையே நிலவிய குழப்பம் 1860-இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ முன்வைத்த விளக்கத்துக்குப் பிறகே தெளியத் தொடங்கியது. அது கருத்து வேறுபாடே தவிர, கூட்டல் பெருக்கலில் நேர்ந்த தாமதம் அன்று. மெண்டலீவின் அட்டவணை 1869-இல் வந்ததை நீங்கள் வேண்டுமானால் ஓரிரு ஆண்டு முன்னகர்த்தலாம், அவ்வளவே. சூரிய ஒளியின் நிறமாலையில் ஹீலியத்தைக் காட்டிக்கொடுத்த மஞ்சள் கோடு 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஒட்டிய ஆய்வுகளில் வெளிப்பட்டது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அந்தக் கிரகணத்தைச் சென்னை மாகாணத்தின் குண்டூரிலிருந்து பார்த்தார். கிரகணத்தின் நாளை எந்த இயந்திரமும் மாற்றாது. பூமியில் ஹீலியத்தை ராம்சே கண்டது 1895-இல் என்பதால், மதராஸ், பினாங்கு வழியாக 1871 முதல் இயங்கி வந்த கடலடித் தந்தியில் அச்செய்தி உங்கள் கிராணிக்குக் கிடைத்திருக்கலாம். ரேடியம், நியான் இரண்டும் 1898-இல்தான் வந்தன. அவற்றைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஜெர்மானியத்தின் நிலை வேறு, இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1886-இல் ஃப்ரைபெர்க் நகரில் அதைப் பிரித்தெடுத்த வின்க்லர் முதலில் வைக்க நினைத்த பெயர் நெப்டியூனியம். நெப்டியூன் கோள் கணக்கால் முன்னறிவிக்கப்பட்டுப் பிறகு கண்ணுக்குத் தென்பட்டது. அவருடைய தனிமமும் மெண்டலீவ் முன்னறிவித்தபடியே கிடைத்தது. அந்தப் பெயரை வேறொரு வேதியியலாளர் தாம் கண்டதாகச் சொன்ன ஒரு தனிமத்துக்கு ஏற்கெனவே சூட்டியிருந்ததால், வின்க்லர் தம் நாட்டின் பெயருக்கு மாறினார். (அந்த மற்றொரு தனிமம் பின்னர் நிலைக்கவில்லை என்பது வேறு கதை.)

இப்போது உங்கள் இயந்திரத்தை இதற்குள் கொண்டுவாருங்கள். 1845-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஆடம்ஸ், நெப்டியூன் இருக்கும் இடம் பற்றிய தம் கணிப்பை அரசு வானியலாளர் ஏரியிடம் கொண்டுசென்றார். பாபேஜின் இயந்திரம் பயனற்றது என்று 1842-இல் அரசுக்குக் கருத்துச் சொன்ன அதே ஏரிதான் அவர். 1846 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜின் சாலிஸ் அந்தக் கோளை இருமுறை பார்த்தும், தம் குறிப்புகளை ஒன்றோடொன்று உடனுக்குடன் ஒப்பிடாததால் அடையாளம் காணத் தவறினார். செப்டம்பர் 23 அன்று, புதிய விண்மீன் வரைபடம் கையில் இருந்த பெர்லினின் காலே அதைக் கண்டுவிட்டார். சாலிஸின் குறிப்புகளைச் சில நாட்களில் சரிபார்த்துக் கொடுக்க ஓர் இயந்திரம் இருந்திருந்தால், அந்தப் பெருமை இங்கிலாந்துக்குப் போயிருக்கும். அந்தக் கோளுக்கு அங்கே முன்மொழியப்பட்ட பெயர் ஓசியானஸ். அப்படியானால் வின்க்லர் தம் தனிமத்துக்கு ஓசியானியம் என்று பெயரிட்டிருக்கலாம்; உங்கள் கிராணியும் 1896-இல் அதையே சொல்லியிருப்பான். 1940-இல் 93-ஆம் தனிமத்துக்கு நெப்டியூன் கோளை ஒட்டிப் பெயரிட்ட அமெரிக்கர்களும் வேறு பெயர் தேட வேண்டியிருந்திருக்கும். கணிப்பு இயந்திரம் தனிமப் பெயரை மாற்றுவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரின் பெயருக்கு வருவோம். ஆவர்த்தன அட்டவணையில் புதிய கட்டம் எதையும் உங்களால் சேர்க்க முடியாது. எல்லாக் கட்டங்களும் புரோட்டான் எண்ணிக்கையால் நிறைந்தவை. உண்மையில் இருக்கும் ஒரு தனிமத்தை வேறொருவர், வேறிடத்தில், முன்னதாகக் கண்டதாகக் காட்டுவதே ஒரே வழி. அதற்கு நான் பரிந்துரைப்பது ஹாஃப்னியம். மலாயாவின் கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீய மணலைக் கழுவிய பின் எஞ்சும் அமாங் என்ற கருமணலில் சிர்க்கான் என்ற சிர்க்கோனியக் கனிமம் இருக்கும். சிர்க்கானுக்குள் நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு பங்கு வரை ஹாஃப்னியம் ஒளிந்திருக்கும். சிர்க்கோனியத்தோடு அது வேதிப் பண்பில் ஏறத்தாழ ஒன்றிப்போவதால், 1923 வரை எவருக்கும் அகப்படவில்லை. இறுதியில் கோப்பன்ஹேகனில் எக்ஸ்-கதிர் நிறமாலை வழியாகச் சிக்கியது. அந்நகரின் லத்தீன் பெயரான ஹாஃப்னியாவே அதன் பெயராயிற்று. உங்கள் கதையில் ஒருவர் அமாங்கின் ஒளி நிறமாலைக் கோடுகளை ஆயிரக்கணக்கில் அட்டைகளில் துளையிட்டு, சிர்க்கோனியத்துக்குச் சேராத கோடுகளை இயந்திரம் தனியே பிரித்துக் காட்டட்டும். பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அக்காலக் கருவிகளால் அது நம்பத்தக்கதன்று. பெயரைப் பொறுத்தவரை சிங்கப்பூரியம் நாவுக்கு இடறுகிறது. பழைய பெயரான தெமாசெக்கிலிருந்து தெமாசியம் என்று வைத்தால் ஹாஃப்னியத்தின் வழியையே பின்பற்றியதாக இருக்கும்.

அந்தப் பெயரை உலகம் ஏற்குமா என்று கதைக்குள் யாராவது கேட்கக்கூடும். பெயர்களை முறைப்படுத்தும் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் தோன்றியதே 1919-இல்தான். அதற்கு முன் ஒரே தனிமம் இரு நாடுகளில் இரு பெயரோடு பல்லாண்டு வாழ்ந்தது: 41-ஆம் தனிமம் அமெரிக்காவில் கொலம்பியமாகவும் ஐரோப்பாவில் நயோபியமாகவும் வழங்கிவந்து, 1949-இல்தான் நயோபியம் என முடிவாயிற்று. ஆகவே துறைமுகக் கிராணிகள் தெமாசியம் என்று எழுத, லண்டனிலிருந்து வரும் கடிதம் அதே பொருளுக்கு வேறு பெயர் சொன்னால், அது 1896-க்கு முற்றிலும் பொருந்தும்.