ஃபோரெக்ஸ் என்றதும் பயந்துபோன அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த மகன் ராத்திரி முழுக்கக் கணினி முன்னால் இருக்கிறான். கேட்டால் "ஃபோரெக்ஸ் லைப்ரரி எழுதுறேன்மா" என்கிறான். ஃபோரெக்ஸ் என்றால் வெளிநாட்டு நாணய வர்த்தகம்; லைப்ரரி என்றால் இங்கே நூலகம் இல்லை, நிரல்களின் தொகுப்பு. பட்டர்வொர்த்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரோ ஃபோரெக்ஸ் திட்டம் ஒன்றில் சேமநிதிப் பணத்தையே தொலைத்தவர். உங்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமே இல்லை.

அவன் காசு கட்டுகிறானா என்பதை முதலில் கேளுங்கள். கட்டினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, உரிமம் பெற்ற உள்நாட்டு வங்கிகளையும் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அனுமதித்தவர்களையும் தவிர வேறு யாரிடமும் வெளிநாட்டு நாணயத்தை வாங்கி விற்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆனால் அவன் பழைய மாற்று விகிதங்களை இறக்கி வைத்து நிரல் எழுதுகிறான் என்றுதான் நீங்கள் சொல்கிறீர்கள். அது வேறு விஷயம். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம் காசு மாற்றும் கடைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்: வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. அந்தப் பலகை ஒரு நொடியில் பல தடவை மாறினால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட எண்களை ஒழுங்காக அடுக்கி, மணிக்கணக்கில், நாள் கணக்கில் தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை என்று தொகுத்துத் தருவதுதான் இந்த மாதிரி லைப்ரரியின் வேலை. மற்ற புரோகிராமர்கள் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

கேட்க எளிதாக இருக்கும், செய்வது கஷ்டம். நாணயச் சந்தையில் நியூயார்க் மாலை 5 மணியை நாள் முடிவாக வைப்பது வழக்கம். அது நமக்கு மறுநாள் காலை 5 மணி. அமெரிக்காவில் குளிர்கால நேரம் வந்துவிட்டால் 6 மணி. இதைக் கவனிக்காத நிரலில் வருடத்தின் ஒரு பகுதி நாட்கள் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விடும்.

இன்னொன்று உங்களுக்கே நினைவிருக்கும். 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி (ரிங்கிட்) என்று கட்டி வைத்திருந்தார்கள். ஏற்ற இறக்கமே இல்லாத அந்த ஏழு வருடத்தை பழைய எண்களிலிருந்து கற்றுக்கொள்ளும் ஒரு கணினி மாதிரிக்கு (model) கொடுத்தால், ரிங்கிட் அசையவே அசையாது என்று அது கற்றுக்கொள்ளும். ஏற்ற இறக்கத்தால் வகுக்கும் கணக்கு ஏதாவது இருந்தால், பூஜ்யத்தால் வகுத்து உடைந்து போகும். இதையெல்லாம் யோசிக்கிற பிள்ளையை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன்.

இந்தத் திறமை நாணயத்தோடு நிற்பதும் இல்லை. வெஸ் மெக்கின்னி என்ற புரோகிராமர் 2008-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கிய, தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியை இன்று எல்லாத் துறையிலும் பயன்படுத்துகிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை இயந்திரங்கள் அனுப்புவதும் நேரம் குறித்த எண்கள்தான். வங்கியில் இடம் கிடைக்காவிட்டாலும் வேலைக்கு வழி உண்டு.

ஒரே ஒரு இடத்தில் எனக்கும் கவலை. பழைய தரவில் ஓட்டிப் பார்த்து "லாபம் வருதும்மா" என்று அவன் ஒருநாள் சொல்லக்கூடும். ஒவ்வொரு நாளின் முடிவையும் அடுத்த நாளின் விலையைப் பார்க்காமல்தான் எடுத்ததா அந்த நிரல் என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை இருக்கும். அந்த லாபத்தை நம்பி ஒரு வெள்ளி கூடப் போட வேண்டாம்.

சரி, படிப்பு. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் புள்ளியியலை மேலே வைக்கச் சொல்லுங்கள், கணினி அறிவியல் அடுத்தது. நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டான். புள்ளியியலை அப்படித் தனியாகக் கற்பது சிரமம். குளுகோரில் யூ.எஸ்.எம்-இல் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) கணித அறிவியல், கணினி அறிவியல் இரண்டுக்கும் தனித்தனிப் பள்ளிகள் உண்டு, வீட்டிலிருந்தும் தூரமில்லை.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒருநாள் அவனையும் அழைத்து வாருங்கள். மடிக்கணினியை மறக்க வேண்டாம். அந்த 3.80 வருடங்களை அவன் நிரல் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.