மேட்டில் திக்கும் வண்டியும் திரும்ப வாங்காத கடையும்

கேள்வி (புளியரை): என்னுடையது பழைய பெட்ரோல் ஜிப்சி. கோயில் கொடைகளுக்கு ஜெனரேட்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆரியங்காவு பக்கம் மேடு ஏறும்போது மட்டும் திக்குகிறது. சமதளத்தில் ஒன்றுமில்லை. காயில், ஒயர் எல்லாம் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: முதலில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிப் பாருங்கள். இழுவையோடு மேடு ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அதில் பொறி தாண்ட வோல்டேஜும் கூடுதலாக வேண்டும். முனை தேய்ந்து கேப் (பொறி தாண்டும் இடைவெளி) அகன்ற பிளக் சமதளத்தில் ஒப்பேற்றும், மேட்டில் கையை விரித்துவிடும். பல பெட்ரோல் வண்டிகளுக்கு கேப் 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் வரும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துத்தான் அளக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடை நுழைத்துப் பார்த்து “சரியா இருக்குண்ணே” என்பவரிடம் கொடுக்காதீர்கள். கேப்பைச் சரிசெய்ய வளைப்பது பக்கவாட்டுக் கம்பியை மட்டும். நடு முனையைத் தொடக்கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள், புதியதை முதலில் கையால் திருகி ஏற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பிளக் விலையோடு முடியாது. அதற்கும் சரியாகவில்லை என்றால் காயில் பக்கம் போகலாம்.

கேள்வி (கம்பம்): இரிடியம் பிளக் வாங்கினேன். கடைக்காரரே ஸ்குரூ டிரைவரால் நெம்பி கேப் வைத்துக் கொடுத்தார். இப்போது ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது.

பதில்: இரிடியத்தின் நடு முனை ஊசி போல மெலிசு, நெம்பினால் உடையும். உடைந்திருந்தால் உடைத்தவர்தான் மாற்றித் தர வேண்டும். போய்க் கேளுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): பாலக்காட்டில் வாங்கினால் வரி குறைவாமே?

பதில்: 2017 ஜூலையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டிதான். இதற்காக கோபாலபுரம் தாண்டாதீர்கள்.

கேள்வி (செங்கோட்டை): சொந்தமாக சூப்பர் கேரி ஓட்டிப் பிழைக்கிறேன். புனலூரில் வாங்கிய பிளக்கில் ஒன்றின் பீங்கான் இரண்டே வாரத்தில் விரிசல் விட்டுவிட்டது. பெட்டியில் உள்ள எழுத்து நகம் பட்டாலே உரிகிறது. கடைக்காரர் பில்லில் உள்ள ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ முத்திரையைக் காட்டி, “கேஸ் போடணும்னா கேரளாவுக்கு வா” என்கிறார்.

பதில்: போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊருக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். தொழிலுக்கு வாங்கியதாயிற்றே என்று பயமுறுத்துவார்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோர்தான். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

அப்புறம் அந்த முத்திரை. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டு அலமாரியில் அதே முத்திரை குத்திய பில்களோடு காற்று வராத டயர் பம்ப் ஒன்றும், ஒரு மழைக்குச் செத்துப்போன டார்ச்சும் கிடக்கின்றன. பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது அந்தச் சட்டத்திலேயே முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் அடித்துவிட்டால் சட்டம் மாறிவிடுமா? பில் தர மறுப்பதும் அதே குற்றப் பட்டியலில்தான் வருகிறது. “பில் வேண்டாம்னா ஐம்பது ரூபாய் குறைச்சுக்கலாம்” என்பவர், நாளைக்கு நீங்கள் வந்து நிற்கக்கூடாது என்பதற்குத்தான் அந்த ஐம்பதைத் தருகிறார். உங்களிடம் பில் இருக்கிறது. விரிசல் விட்ட பிளக்கையும் பெட்டியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி (களியக்காவிளை): டீசல் பொலிரோவுக்கு எந்தக் கம்பெனி ஸ்பார்க் பிளக் நல்லது?

பதில்: டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இதற்கு முன் யாராவது ‘மாற்றி’ பில் போட்டிருந்தால் அதை எனக்கு அனுப்புங்கள்.

கேள்வி (குழித்துறை): இழுவைக்குக் ‘கோல்ட் பிளக்’ (குளிர்ந்த பிளக்) நல்லது, நம்பர் கூடுதலாகப் பார்த்து வாங்கு என்றார் நண்பர். பாஷ் கம்பெனி பிளக்கில் அப்படி வாங்கிப் போட்டேன். மேட்டில் எஞ்சின் தட்டுகிறது.

பதில்: என்ஜிகே கம்பெனியில் நம்பர் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது முனையின் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். பாஷில் கூடினால் சூடான பிளக், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் தலைகீழாக வாங்கியிருக்கிறீர்கள். சூடான பிளக்கோடு பாரம் இழுத்தால் பொறிக்கு முன்பே எரிபொருள் பற்றி பிஸ்டன் ஓட்டையாகலாம். இன்றே கழற்றுங்கள். புத்தகத்தில் உள்ள நம்பரைப் போடுங்கள், நண்பர் சொன்னதை அல்ல. இந்தத் தடவை கடைக்காரர் மீது ஒரு குற்றமும் இல்லை.