மக்காச்சோளம் தன்னைத்தானே காத்துக்கொள்ளாதா?

கேள்வி: உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்து 20 நாள் ஆகிறது. குருத்தில் படைப்புழு விழுந்துவிட்டது. வரப்புக்கு அந்தப்பக்கம் உள்ள தீவனச் சோளத்தில் சேதம் குறைவு. சோளத்துக்குள் விஷம் இருப்பதே காரணம் என்கிறார்கள். அப்படியானால் மக்காச்சோளத்துக்குத் தற்காப்பே இல்லையா, ஐயா?

பதில்: சோளத்தில் நஞ்சு இருப்பது உண்மைதான். இளஞ்சோளத்தின் இலையில் துரின் என்ற பொருள் ஓர் இடத்திலும், அதை உடைக்கும் நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. இலை கடிபட்டதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. வறட்சியில் வாடிய இளம்பயிரையோ, அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பையோ மேய்ந்த மாடு சாய்வதும் இதே நஞ்சால்தான் என்பதால், பூக்கும் முன் அந்தக் காட்டில் கால்நடையை அவிழ்த்துவிடாதீர்கள். ஆனாலும் படைப்புழு சோளத்தையும் தாக்கும். மக்காச்சோளம் அதற்கு மிக விருப்பமான பயிர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மக்காச்சோளத்துக்கும் தற்காப்பு உண்டு. இளம்பருவத்தில் அதில் நிறைந்திருக்கும் டிம்போவா என்ற பொருள் பல புழுக்களின் வளர்ச்சியை முடக்கும். ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் அப்பயிரோடு நெடுங்காலம் வாழ்ந்து, 2018-இல் நம் நாட்டில் கண்டறியப்பட்ட இந்தப் படைப்புழு, அப்பொருளோடு தன் குடலில் சர்க்கரையைச் சேர்த்து நஞ்சைத் தணித்துவிடுகிறது. புல்லினப் பயிர்களின் இலையில் படியும் சிலிக்கா புழுவின் தாடையைத் தேய்க்கும் என்றாலும், இளங்குருத்தில் அது இன்னும் போதிய அளவு சேர்ந்திருக்காது. புழு குடியேறுவதோ அந்தக் குருத்தில்தான்.

எனக்கு வியப்பளிப்பது மூன்றாவது காப்பு. புழுவின் எச்சில் பட்ட இலை ஒருவித மணத்தை வெளியிட, அதை மோப்பம் பிடித்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்து புழுவுக்குள் முட்டையிடுகின்றன. பரவலாகக் கொல்லும் பூச்சிக்கொல்லியை அவசரப்பட்டுத் தெளித்தால், பயிர் அழைத்த உதவியை நாமே அழிக்கிறோம்.

ஆகவே இப்போது முட்டைக் குவியல்களையும் சிறு புழுக்களையும் கையால் பொறுக்கி நசுக்குங்கள். தாக்குதல் பரவினால் முதலில் அசாடிராக்டின் 1500 பிபிஎம் என்ற வேப்ப மருந்தை, குருத்துக்குள் இறங்குமாறு மாலையில் தெளியுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டினால் இலை மென்மையாகிப் புழுவுக்கு இரையாகும். 25-ஆம் நாளும் 45-ஆம் நாளும் பிரித்தே இடுங்கள். அடுத்த போகத்துக்குக் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு இட்டு, வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் விதைத்தால், பூவில் தேன் குடிக்க வரும் குளவிகள் உங்கள் காட்டிலேயே தங்கும்.