மினிவேனில் க்ரூஸ் கண்ட்ரோல் தானாக விடுபடுகிறது, ஆக்சிலரேட்டரும் சில நேரம் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ஒரு லட்சம் மைல் தாண்டிய மினிவேன். ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வைத்த வேகத்தில் வண்டியை ஓட்டும் க்ரூஸ் கண்ட்ரோல், ஹைவேயில் தானாக விடுபடுகிறது. அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறுவதில்லை. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. டீலரிடம் காட்டினால் வண்டியில் குறையில்லை என்கிறார்கள். வீட்டில் "நீதான் தெரியாமல் பிரேக்கில் கால் வைத்திருப்பாய்" என்கிறார்கள்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நீங்கள் பெண் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆணாக இருந்தால் அந்த வரியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வண்டியைப் பார்க்காமலே எப்படிப் பேசுகிறாய் என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக்கைத் தொட்டால் க்ரூஸ் விடுபடும், உண்மை. ஆனால் அதற்கப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி போயாக வேண்டும். இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் இப்போது வரும் வண்டிகள் ஆக்சிலரேட்டரை அடக்கிவிடும், அதுவும் உண்மை. ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அது சரியாகிவிடும். வண்டியை அணைத்துப் போட வேண்டிய அவசியமே வராது. அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது என்கிறீர்களே, அப்படியென்றால் வண்டியின் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு பிழையைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே வேகத்தைக் கட்டிப்போடுகிறது. லிம்ப் மோட் என்பார்கள். அதற்கும் உங்கள் காலுக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினை அல்ல, அநேகமாக ஒன்றுதான். பழைய வேன்களில் ஆக்சிலரேட்டருக்கு ஒரு கேபிள், க்ரூஸுக்குத் தனியாக ஒரு கேபிள், அதை இழுக்க ஒரு தனிக் கருவி என்று இருந்தது. இப்போது கேபிளே கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, கம்ப்யூட்டர் ஒரு சின்ன மோட்டாரை வைத்து த்ராட்டிலை, அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் கதவை, திறக்கிறது. க்ரூஸ் போட்டாலும் திறப்பது அதே மோட்டார்தான். அதனால் த்ராட்டில் பக்கம் சந்தேகம் வந்த உடனே கம்ப்யூட்டர் முதலில் க்ரூஸைத்தான் விடுவிக்கும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அத்தை வந்திருந்தபோது பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினோம். பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச்சாலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், பெட்ஃபர்டு தாண்டி அலெகெனி சுரங்கப்பாதை வரைக்கும் நீளமான ஏற்றம். நான்தான் ஓட்டினேன். 70 மைல் வேகத்தில் க்ரூஸ் போட்டிருந்தேன். அதற்கு வெகுநேரம் முன்பிருந்தே நடு வரிசையில் இருந்த அத்தை, "ஏம்மா, வண்டி இழுத்து இழுத்து விடுதே, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். என் கணவர், "அம்மா, மலைப்பாதைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

இந்த க்ரூஸ் கண்ட்ரோலைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். அவருடைய வக்கீல் பேசும்போது வண்டியை மெதுவாக்கியும் கேட்கும்போது வேகமாக்கியும் ஓட்டினாராம். பக்கத்தில் உட்கார்ந்து வந்த எரிச்சலில்தான் இப்படி ஒரு கருவி வேண்டும் என்று தோன்றியது என்பார்கள். 1950-இல் காப்புரிமை வாங்கினார், 1958 மாடலில் கிரைஸ்லர் அதை வண்டியில் வைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாத உதறல் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். உங்கள் வண்டியில் வருகிற பெரியவர்கள் ஏதாவது சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள்.

ஏற்றத்தில் பாதி தூரம் போனபோது க்ரூஸ் விளக்கு அணைந்தது, என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினேன். என்ஜின் சத்தம் கூடவே இல்லை. 60, 50, 40 என்று முள் இறங்கிக்கொண்டே வந்தது. பின்னால் ஒரு பெரிய டிரக் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, கடைசி நேரத்தில் லேன் மாறிப் போனது. அது கடந்தபோது வேன் மொத்தமும் ஆடியது. ஹஸார்டு விளக்கைப் போட்டு, சாலையோரம் வண்டி நிறுத்த விட்டிருக்கும் ஷோல்டரில் ஒதுக்கினேன். பிள்ளைகள் சத்தமே போடவில்லை. அத்தை கையில் இருந்த பிளாஸ்க்கை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ததும் வண்டி கிளம்பியது. மஞ்சள் விளக்கு மட்டும் போகவில்லை. க்ரூஸைத் தொடாமல், வலது ஓர லேனிலேயே ஓட்டி, சாமர்செட்டில் இறங்கினோம். அங்கே ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கடையில், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்த பிழை எண்ணை இலவசமாகவே படித்துச் சொன்னார்கள். கோடு என்பார்கள். பி2135. அந்த ஸ்கேனர் திரையை அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

த்ராட்டிலில் ஒன்றுக்கு இரண்டாகப் பொசிஷன் சென்சார் உண்டு. ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு. இரண்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் வருவதுதான் பி2135. ஆக்சிலரேட்டர் பெடலில் இருக்கும் இரண்டு சென்சார்களுக்குள் தகராறு என்றால் பி2138 வரும். இந்த எண்கள் எந்தக் கம்பெனி வண்டியானாலும் பொதுவானவை.

ஊர் திரும்பியதும் டீலரிடம் விட்டோம். வண்டியை நாள் முழுக்க வைத்திருந்துவிட்டு, குறையைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை என்று எழுதித் தந்தார்கள். கோடையும் அழித்துவிட்டார்கள். கோடோடு சேர்ந்து, பிழை வந்த நேரத்தில் வண்டியின் வேகம், என்ஜின் சுற்று, சுமை எல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். சர்வீஸ் அட்வைசர் என் கணவரைப் பார்த்து, மேடம் ஏற்றத்தில் பதற்றத்தில் பிரேக்கைத் தொட்டிருக்கலாம், எதற்கும் த்ராட்டில் பாடியை, அதாவது த்ராட்டில் இருக்கும் பாகத்தையே, மாற்றிவிடலாம், 1300 டாலர் ஆகும் என்றார். ஓட்டியது நான். பணம் கட்டுவதும் நான். கேள்வி கேட்டதும் நான். பதில் மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கு.

போனில் இருந்த படத்தைக் காட்டி, பிரேக்கைத் தொட்டால் பி2135 எப்படி வரும் என்று கேட்டேன். பதில் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும். கோயிலுக்கோ நண்பர்கள் வீட்டுக்கோ போய் இறங்கினால், "இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்களே, களைப்பா இருக்கும்" என்று என் கணவரிடம்தான் காபியை நீட்டுகிறார்கள். அவரும் "இல்லைங்க, அவங்கதான் ஓட்டினாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார், அதற்குச் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். பனியில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் விமான நிலையத்துக்கு இரவு இரண்டு மணிக்குப் போவதும் இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பெண்கள்தான். எங்களுக்கு வண்டி தெரியாது என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். எடிசன் ஊர்ப் பக்கம் தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு குஜராத்திப் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. ஸ்கேனரை மாட்டி, இரண்டு சென்சாரின் வோல்டேஜையும் திரையில் ஓடவிட்டார். எங்கள் வண்டியில் ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும், இரண்டையும் கூட்டினால் எப்போதும் 5 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெடலை மெதுவாக மிதிக்கச் சொன்னார். கணக்கு சரியாக வந்தது. பிறகு த்ராட்டிலுக்குப் போகும் ஒயர்க் கட்டை விரலால் லேசாக அசைத்தார். ஒரு எண் அப்படியே பூஜ்யத்துக்கு விழுந்து மீண்டும் எழுந்தது. கனெக்டரைப் பிரித்தால் ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது, அதற்குப் போகும் ஒயர் உறைக்குள்ளேயே இற்றுப் போயிருந்தது. கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேர்த்தார். 200 டாலருக்குள் முடிந்தது. அதற்கப்புறம் அதே ஏற்றத்தில் அதே 70-இல் க்ரூஸ் போட்டுப் போய் வந்திருக்கிறோம், ஒரு தொந்தரவும் இல்லை.

உங்கள் வண்டியிலும் கனெக்டர்தான் என்று நான் சொல்லவில்லை, அதையும் தெளிவாக எழுதிவிடுகிறேன். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம்; அப்படியென்றால் சிக்னலில் நிற்கும்போது என்ஜின் சுற்று ஏறி இறங்கும். பெடல் சென்சாரே போயிருக்கலாம். ஆக்சிலரேட்டர் ஒழுங்காக இருந்து க்ரூஸ் மட்டும் விடுபட்டால் அது வேறு கதை. பெரும்பாலும் பிரேக் விளக்கு சுவிட்சாக இருக்கும். பின்னால் ஒருவரை நிறுத்தி, காலை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிகிறதா, மினுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹாரனும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ஒயர்ச் சுருள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கும் எரிந்தால், சக்கர வேகத்தை அளக்கும் சென்சார். ஆனால் நீங்கள் எழுதியதில் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து போகிறது, அதனால் முதலில் த்ராட்டில் பக்கம்தான் பார்க்க வேண்டும். கோடைப் படித்து, படம் எடுத்து, அதற்கப்புறம் மட்டும் டீலரிடம் போங்கள். எதையும் அழிக்காமல் தரச் சொல்லி எழுதி வாங்குங்கள். புதுப் பொருள் மாட்டுவதற்கு முன் ஒயரையும் கனெக்டரையும் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

டொயோட்டா விவகாரத்தைச் சொல்லி யாராவது வருவார்கள், தெரியும். வண்டி தானாகப் பாய்கிறது என்ற புகாரில் அமெரிக்க அரசு நாசா பொறியாளர்களை வைத்தே ஆராய்ந்தது, 2011 பிப்ரவரியில் எலக்ட்ரானிக்ஸ் காரணமில்லை என்று அறிக்கை வந்தது, பல சம்பவங்களில் ஓட்டியவர் பெடலை மாற்றி மிதித்ததுதான் காரணம் என்றார்கள். எல்லாம் சரி. அதே விவகாரத்தில்தான் பெடலில் சிக்கும் தரைவிரிப்பும் ஒட்டிக்கொள்ளும் பெடலும் நிஜமான கோளாறு என்று தெரிந்து லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்; வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-இல் அந்தக் கம்பெனி 120 கோடி டாலர் கட்டியது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும் அது பாய்ந்த வண்டிகளின் கதை. நாம் பேசுவது போக மறுக்கும் வண்டியைப் பற்றி.

பாயவும் செய்யலாம் என்பதால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம் ஃபியட் கிரைஸ்லர் அமெரிக்காவில் மட்டும் சுமார் 48 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, பசிஃபிகா மினிவேனும் அதில் அடக்கம். க்ரூஸ் போட்டால் சில நேரம் விடுவிக்கவே முடியாமல் போகலாம் என்று சொல்லி, சாஃப்ட்வேர் மாற்றும்வரை க்ரூஸைத் தொடவே வேண்டாம் என்றார்கள். உங்கள் வண்டியின் 17 இலக்க வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை (NHTSA) தளத்தில் போட்டுப் பாருங்கள். இப்படித் திரும்ப அழைப்பது, அதாவது ரீகால், நிலுவையில் இருந்தால் இலவசமாகச் செய்து தர வேண்டும். ஓடும்போது வேகம் குறையவில்லை என்றால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். என்ஜின் அலறினால் அலறட்டும். ஓரத்தில் நிறுத்திய பிறகு அணைத்தால் போதும். உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் காலி பார்க்கிங் இடத்தில் ஒருமுறை நியூட்ரல் போட்டுப் பழகிவிடுங்கள்.

விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். காரணம் தெரியாமல் விற்காதீர்கள். சின்ன ஒயர்க் கோளாறுக்காக நல்ல வேனை அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டாம். காரணம் தெரியாமல் இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டவும் வேண்டாம். சரியாகும்வரை ஹைவேயைத் தவிர்த்து உள்ளூர்ச் சாலையிலேயே ஓட்டுங்கள். கோடு என்ன, எந்த வருட மாடல் என்று இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள், அந்தப் பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.